பதவி குறிப்பிடப்படாதவர்

என் மனைவியை நாற்பது நிமிடம் விதவையாக வைத்திருந்தவன் நான். உயிரோடு இருந்துகொண்டே அதைச் செய்ததால், மன்னிப்புக் கேட்கவும் வழியில்லை.

அப்போது நான் விழுப்புரத்தில் ஒரு நாளிதழின் செய்தியாளர். என் செல்போனில் எந்தப் பெயரும் வெறுமனே இருக்காது. 'சேகர் - தீயணைப்பு', 'குமார் - தாசில்தார் ஆபீஸ்', 'ஆறுமுகம் - பிணவறை' என்று பதவியோடுதான் இருக்கும். (அப்படியொரு ஒழுங்கு!) பதவி இல்லாத ஒரே பெயர், மலர். என் மனைவி யாரென்று எனக்குத் தெரியாதா என்ன?

அவசரத்துக்கு யாரை அழைக்க வேண்டும் என்பதை எல்லோரும் செல்போனில் பதிந்து வைக்க வேண்டும் என்று ஒரு கல்லூரியில் விழிப்புணர்வுக் கூட்டம் நடந்தது. அதைப் பற்றி நான் எழுதிய செய்தி ஒரு வியாழக்கிழமை வெளியானது. அதைக் கத்தரித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பைக்கில் திண்டிவனம் கிளம்பினேன். கிளம்பும் முன், தினமும் கேட்பதுபோல ஆறுமுகத்திடம் போனில் கேட்டேன்: "இன்னிக்கு ஏதாவது உண்டா?"

"ஒண்ணுமில்ல சார்" என்றார்.

வழியில் கூட்டேரிப்பட்டில் நாய் குறுக்கே வந்தது. நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை.

சாலையோரம் அவித்த மல்லாட்டை (வேர்க்கடலைதான்) விற்ற அம்மாள்தான் என்னை இழுத்து நிழலில் போட்டார். எனக்குக் காது கேட்டது, பேச்சு வரவில்லை. அவர் என் போனைத் துழாவினார். (செய்தி தவறிவிடும் என்று அதற்குப் பூட்டுப் போடுவதில்லை.)

"இன்னாய்யா இது, பூரா ஆபீசரா வெச்சிக்கினு கீறான். அம்மா இல்ல, பொண்டாட்டி இல்ல. அனாதையா இவன்?"

கடைசியாகப் பேசிய எண்ணையே அழுத்தி, "இந்த போன்காரரு அடிபட்டுக் கெடக்குறாரு" என்றார்.

"உசுரு இருக்காம்மா?" என்று ஆறுமுகம் கேட்டார். தொழில்முறைக் கேள்வி.

அம்மாள் அப்போதுதான் திரையைப் பார்த்தார். "பொணவறையா? யோவ், இன்னும் சாவலைய்யா! மூச்சு வுட்டுக்கினுதான் கீறான்!"

ஆம்புலன்ஸ் என்னைத் திண்டிவனம் கொண்டுபோனது. ஆறுமுகம் மலரை அழைத்தார். என் போன் கிடைக்காவிட்டால் கூப்பிடச் சொல்லி, அவள் எண்ணை நான்தான் கொடுத்திருந்தேன். நல்ல மனிதர். பதற்றத்திலும் முறைப்படி ஆரம்பித்தார்: "அம்மா, பிணவறையிலேர்ந்து ஆறுமுகம் பேசறேன். சார் விஷயமா..."

மலர் கையிலிருந்த போன் விழுந்து அணைந்தது. மீதி வாக்கியம் அவளுக்குக் கிடைக்கவில்லை.

ஷேர் ஆட்டோ பிடித்து நேராகப் பிணவறை வாசலுக்குப் போயிருக்கிறாள். ஆறுமுகத்திடம் கேட்டது ஒன்றுதான்: "மொகம் பாக்கலாமா?"

"எந்த மொகம்மா? சார் திண்டிவனத்துல பன்னு துன்னுக்கினு இருக்காரு. இப்பதான் பேசினேன்!"

பன் தின்றது உண்மை. கையில் கட்டோடு நான் படுத்திருந்த வார்டுக்கு வந்த மலர் அழவில்லை. என் சட்டைப்பையில் இருந்த செய்தியை எடுத்து முழுவதும் படித்தாள். பிறகு என் போனில் தன் பெயரைத் தேடினாள்.

"தாசில்தார் ஆபீசுக்கெல்லாம் எழுதத் தெரியுது. எம் பேருக்குப் பக்கத்துல எழுத மட்டும் கை வரலையா?"

அவளே அடித்தாள்: 'மலர் - மனைவி - முதலில் இவருக்கு'.

ஆறுமுகம் ஓய்வுபெற்றுவிட்டார். பொங்கலன்று தவறாமல் மலரின் போனுக்கு அழைப்பார். இன்றுவரை தன் பெயரை முதலில் சொன்னதில்லை. "சார் நல்லா இருக்காரும்மா" என்றுதான் தொடங்குவார். நான் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பேன்.

மலர் என்னை ஒருமுறை திரும்பிப் பார்ப்பாள். பிறகுதான், "சொல்லுங்கண்ணே" என்பாள்.