எண்ணெய் போடாத துப்பாக்கி

மூன்றாவது குண்டில் மறுபடியும் சிக்கியது.

டேல் பெரோ துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கிப் பக்கவாட்டில் பார்த்தான். காலித் தோட்டா வெளியே வந்து விழாமல், கதவிடுக்கில் மாட்டிய கோட்டு நுனி போலப் பாதியில் நீட்டிக்கொண்டு நின்றது.

"எத்தனை?" கடையின் பின்வாசலில் நின்றபடி கேட்டாள் மனைவி ஜோனி.

"மூணு."

"நேத்து நாலு போச்சு. நல்லா முன்னேறுற."

டேல் காலியை நகத்தால் நெம்பி எடுத்தான். சுப்பீரியர் ஏரிக்கரையில் ஜனவரி மாதக் காலை ஏழரை மணிக்கு, பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு டிகிரியில் வாயைத் திறந்தால் பல் கூசும்.

சனிக்கிழமை துப்பாக்கி சுடும் போட்டி. இன்று வியாழன்.

டாஸன் பே ஊரில் அவன் துப்பாக்கி ரிப்பேர்க் கடை திறந்து நான்கு மாதம் ஆகிறது. இதுவரை உள்ளே வந்தவர்கள் மூன்று பேர். ஒருவர் பக்கத்து பேக்கரி எப்போது திறக்கும் என்று கேட்டார். ஒருவர் மரம் அறுக்கும் இயந்திரத்துக்குச் சாணை பிடிக்கக் கேட்டார். மூன்றாமவர் கழிவறை எங்கே என்று கேட்டார்.

இதை மாற்ற அவனிடம் இருந்த ஒரே வழி இந்தக் குட்டைக் குழல் துப்பாக்கி. பாயின்ட் ட்வென்டி டூ என்கிற சின்னத் தோட்டா ரகம். தன் கையாலேயே இழைத்து இழைத்துச் செய்தது. இவ்வளவு குட்டையாகக் குழல் வைக்க வாஷிங்டனிலிருந்து அனுமதிக் காகிதம் வரவே எட்டு மாதம் ஆயிற்று. உறைந்த ஏரியின் மேல், ஊர் மொத்தமும் பார்க்க, ஐந்து இரும்புத் தட்டுகளை இது தடங்கலில்லாமல் அடித்துச் சாய்த்தால், திங்கட்கிழமை கடை வாசலில் வரிசை நிற்கும். சிக்கினால், தன் துப்பாக்கியையே ஓட வைக்கத் தெரியாதவனிடம் எவன் கொண்டுவந்து கொடுப்பான்?

நோய் என்னவோ தெரிந்ததுதான். வெடிக்கிற தோட்டா பின்னால் உதைக்கும். அந்த உதையில் போல்ட் என்கிற உள் இரும்புக் கட்டை பின்னால் போய், காலியைத் தூக்கி எறிந்துவிட்டு, அடுத்ததைத் தானாக ஏற்ற வேண்டும். குழல் குட்டையாக இருந்தால் உதை குறைவு. குளிரில் எண்ணெய் ஜாம் மாதிரி இறுகிவிடும். குறைந்த உதை, இறுகிய எண்ணெய். போல்ட் பாதி வழியில் களைத்துப்போய் நின்றுவிடுகிறது.

மருந்துதான் தெரியவில்லை.

அப்போது கடையின் முன்கதவு மணி அடித்தது. உள்ளே ஓடினான். ஓடியவன் அப்படியே நின்றான்.

மார்லீன் ஹவுட்டலா.

மாவட்டத்தின் பனி தள்ளும் லாரியை ஓட்டுகிறவள். வயது ஐம்பத்து நான்கு. பதினோரு வருடமாக ஏரிப் போட்டியில் அவளைத் தவிர வேறு யாரும் ஜெயித்ததில்லை. போன வருடம் ஊர் பார்க்க வந்தபோது காபி அடுப்புப் பக்கம் நின்று டேல் அவள் சுடுவதைப் பார்த்திருக்கிறான். சுற்றிலும் பத்துப் பேர் சிக்கிய துப்பாக்கிகளைத் தட்டிக்கொண்டும் திட்டிக்கொண்டும் இருக்க, அவளுடையது மட்டும் சுவர்க் கடிகாரம் போல டக், டக், டக், டக், டக் என்று ஐந்து தட்டையும் சாய்த்தது. அன்றைக்கு அவனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்து இமையிலேயே உறைந்தது.

அவள் கக்கத்தில் நீளமாக ஒரு கம்பளிச் சுருட்டு. அதுதான். அந்தத் துப்பாக்கியேதான்.

"குளிரா இருக்கு," என்றாள் மார்லீன்.

"ஆமாங்க்கா. உக்காருங்க."

"பரவால்ல." சுருட்டை மேஜைமேல் வைக்கப் போனாள்.

"ஐயோ, அதுல வைக்காதீங்கக்கா. மேஜை பூரா அழுக்கு." டேல் குறுக்கே கையை நீட்டினான். "உங்க துப்பாக்கி எங்க, என் மேஜை எங்க."

மார்லீன் சுருட்டை மறுபடி கக்கத்தில் வைத்துக்கொண்டாள். சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள். இந்த ஊர்க்காரர்கள் பேச ஆரம்பிப்பதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வார்கள். அந்த நேரத்துக்குள் டேல் கேட்டுவிட்டான்.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். தப்பா நினைக்காதீங்க. இந்தக் குளிருக்கு நீங்க என்ன எண்ணெய் போடறீங்க?"

"எண்ணெயா?" அவள் யோசித்தாள். "போடறதில்ல."

"ஒரு சொட்டுகூடவா?"

"போட்டு வருஷக் கணக்காச்சு. அதான் நான் இப்ப..."

"போதும்க்கா. அது போதும்." டேல் நெஞ்சில் கை வைத்துக்கொண்டான். "இதுக்கு மேல கேட்டா பேராசை."

மார்லீன் கம்பளியின் நுனியை மடித்துவிட்டாள். "சரி," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

டேல் தன் துப்பாக்கியைப் பிரித்துப் போட்டான். கரைப்பான் ஊற்றி, பல்குச்சியின் நுனியில் துணி சுற்றி, ஒவ்வொரு மூலையிலும் இருந்த எண்ணெயைச் சுரண்டி எடுத்தான். இரும்பு கண்ணாடி போலப் பளபளத்தது. கடைக்குப் பின்னாலிருந்த சரளைக் குழிக்குக் கொண்டுபோய்ச் சுட்டான்.

இரண்டாவது குண்டில் சிக்கியது. புது இரும்போடு புது இரும்பு உரசிக் கிறீச்சிட்டது.

"ரெண்டா?" என்றாள் ஜோனி.

"அவங்களுக்கு ஓடுது. எனக்கு ஓடல. அப்ப வேற ஏதோ இருக்கு."

வெள்ளிக்கிழமை காலை மார்லீன் மறுபடி வந்தாள். லாரி வெளியே உறுமிக்கொண்டிருந்தது. கக்கத்தில் அதே சுருட்டு.

"நேத்து சொல்ல வந்தேன்..." என்று தொடங்கினாள்.

"தெரியும்க்கா. தோட்டா. அதைத்தானே சொல்ல வந்தீங்க?"

அவள் அவனை ஒரு மாதிரிப் பார்த்தாள். "தோட்டாவுக்கு என்ன?"

"எது வாங்கறீங்க?"

"இரும்புக் கடையில கிடைக்குமே, மெதுவா வெடிக்கிறது. சத்தம் வராது. வீட்ல நாய் பயப்படுது."

"மெதுவா வெடிக்கிறதா," டேல் முணுமுணுத்தான். உதை பத்தாத துப்பாக்கிக்கு உதை குறைந்த தோட்டா. கேட்கவே பைத்தியக்காரத்தனமாக இருந்தது. அதனால்தான் அது பெரிய ரகசியமாக இருக்க வேண்டும். "அக்கா, இதையெல்லாம் யாரும் வெளிய சொல்ல மாட்டாங்க. எனக்குச் சொல்றீங்க."

"நீ கேட்ட," என்றாள் மார்லீன். சுருட்டை ஒரு கக்கத்திலிருந்து இன்னொரு கக்கத்துக்கு மாற்றினாள். வெளியே லாரிக்குப் பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள். போய்விட்டாள்.

அந்தத் தோட்டாவில் போல்ட் நகரவே யோசித்தது. முதல் குண்டிலேயே சிக்கியது.

ஜோனி இந்தத் தடவை எண்ணிக்கை கேட்கவில்லை. "டேல், எதுக்கும் பழைய எண்ணெயையே லேசா தொட்டு, பழைய தோட்டாவையே போட்டுப் பாரேன். மூணாவது வரைக்கும் போச்சுல்ல?"

"ஜோனி, பதினோரு வருஷம் ஜெயிச்சவங்க சொல்றதைக் கேக்கறதா, உன்னைக் கேக்கறதா?"

"அவங்க எங்க சொன்னாங்க? நீ கேட்ட, அவங்க பதில் சொன்னாங்க."

அன்று மத்தியானம் மூன்றாவது முறையாக மார்லீன் வந்தாள். இந்தத் தடவை லாரியை அணைத்துவிட்டு வந்தாள். தொப்பியைக் கழற்றினாள். நிறைய பேசப்போகிறாள் என்று தெரிந்தது. தன்னைப் போல நேற்று வந்த ஆளுக்கு இவ்வளவு பெரிய மனுஷி மூன்று முறை நேரில் வந்து சொல்லித்தருகிறாளே என்று டேல் நாற்காலியைத் துடைத்து அவள் பக்கம் நகர்த்தினான்.

"பாரு தம்பி, இந்தத் துப்பாக்கி..." என்றாள் மார்லீன்.

"எங்க வைப்பீங்கக்கா அதை?"

"என்னது?"

"வீட்டுக்குள்ளயா, வெளியவா?"

மார்லீன் மூச்சை இழுத்து விட்டாள். "விறகுக் கொட்டகையில. பூட்டி."

"குளிர்லயா?"

"கொட்டகை குளிராத்தானே இருக்கும்."

டேல் மெதுவாக உட்கார்ந்தான். அவளுடைய துப்பாக்கி குளிரை எதிர்த்துச் சண்டை போடவில்லை. குளிரோடு குடித்தனம் நடத்துகிறது. எவ்வளவு எளிமை. அவன் நிமிர்ந்து நன்றி சொல்வதற்குள் மார்லீன் தொப்பியைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"நீ நாளைக்கு நல்லா சுடு," என்று மட்டும் சொன்னாள்.

டேல் தன் துப்பாக்கியைச் சூடான கடையிலிருந்து நேரே தன் வீட்டு விறகுக் கொட்டகைக்குக் கொண்டுபோய்ப் பூட்டினான். பட்டறையில் கெட்டில் ஒரு மணி நேரமாகக் கொதித்துக்கொண்டிருந்தது. அந்த ஈரமெல்லாம் இரும்போடு சேர்ந்து கொட்டகைக்குப் போனது அவனுக்கு உறைக்கவில்லை. சனிக்கிழமை காலையில் திறந்து பார்த்தால் போல்ட் அசையவில்லை. உள்ளே பனி.

ஜோனி முடி உலர்த்தும் கருவியைக் கொண்டுவந்து தந்தாள். பனி உருகித் தண்ணீராயிற்று. ஏரிக்குப் போய்ச் சேர்வதற்குள் அந்தத் தண்ணீர் மறுபடி பனியாயிற்று.

ஏரி அன்று பேசிக்கொண்டிருந்தது. காலுக்குக் கீழே மூன்றடி பனி, எங்கோ தூரத்தில் விரிசல் ஓட, திமிங்கலம் போல முனகியது. வானத்தில் சூரியனுக்கு இரண்டு பக்கமும், காற்றிலிருந்த பனித்துகளில் ஒளி பட்டு, இரண்டு பொய்ச் சூரியன்கள். ஊர் மொத்தமும் மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட சூடான பேஸ்டியைக் கையில் பிடித்துக் குளிர் காய்ந்தபடி அதைப் பார்த்துக்கொண்டு நின்றது. தினமும் பார்க்கிறவர்கள்கூடக் கொஞ்சம் வாயைப் பிளந்துதான் நின்றார்கள்.

டேலின் பெயரைக் கூப்பிட்டார்கள்.

முதல் தட்டு விழுந்தது. பிறகு சிக்கியது. இழுத்தான், தட்டினான், ஊதினான். இரண்டாவது விழுந்தது. சிக்கியது. கையுறையைக் கழற்றிவிட்டு விரலால் தோண்டினான். விரல் இரும்போடு ஒட்டியது. ஐந்து தட்டும் சாய ஒன்றரை நிமிடம் ஆயிற்று. யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் மரியாதையாகச் சூரியன்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது இன்னும் கொடுமை.

காபி அடுப்புப் பக்கம் வந்து நின்றான். மார்லீனின் கணவர் வெஸ் ஒரு கோப்பையை நிரப்பி நீட்டினார்.

"கடையை மூடிடலாம்னு இருக்கேண்ணே," என்றான் டேல்.

"காபியைக் குடி."

மார்லீன் சுடுகிறவர்களுக்கான எல்லைக்கோட்டில் வந்து நின்றாள். டக். டக். டக். டக். டக். ஐந்து தட்டு, ஆறு வினாடி. வளைகுடாவின் அடுத்த கரையிலிருந்து எதிரொலி அதே தாளத்தில் திரும்பி வந்தது.

"அந்தத் துப்பாக்கிக்குள்ள அப்படி என்னதாண்ணே இருக்கு?"

வெஸ் தாடியில் ஒட்டிய பனியைத் தட்டினார். "நீ எப்பவும் இந்தப் பக்கமேதான் நிக்கற. அடுத்த சுற்றுக்கு வலப் பக்கம் போய்ப் பாரு."

டேல் கோப்பையோடு சுற்றிக்கொண்டு வலப் பக்கம் போனான். மார்லீன் துப்பாக்கியை உயர்த்தினாள். சுட்டாள். மானின் தோலில் தைத்த பெரிய கையுறை விசையிலிருந்து பறந்து, போல்ட்டின் கைப்பிடியைப் பிடித்து இழுத்து, விட்டு, மறுபடி விசைக்கு வந்தது. கண் இமைப்பதற்குள். மறுபடி. மறுபடி. துப்பாக்கி தானாக ஒன்றும் செய்யவில்லை. காலித் தோட்டாக்கள் ஒவ்வொன்றாக அவள் கையிலிருந்து தெறித்து, வெயிலில் மின்னி, பனியில் விழுந்தன. துப்பாக்கிக்குள் எதுவுமே இல்லை. எல்லாம் அந்தக் கையில் இருந்தது.

டேலின் கோப்பையில் காபியின்மேல் மெல்லிய பனித்தோல் படிந்தது. அவன் கவனிக்கவில்லை.

வெஸ் பின்னாலேயே வந்து நின்றிருந்தார்.

"பதினோரு வருஷமா ஒரு குண்டுகூட அது தானா ஏத்தினதில்ல," என்றார். "ஊருக்கு ரிப்பேர்காரன் வந்துட்டான்னு சந்தோஷமா மூணு தடவை மார்லீன் அதை உன் கடைக்குத் தூக்கிட்டு வந்தா தம்பி; நீதான் கேள்வி கேட்டே திருப்பி அனுப்பிட்ட."