வெளியே சூடு, உள்ளே ஐஸ்

“ஒண்ணுக்குள்ள ஒண்ணு நல்லா மாட்டிக்கிச்சு,” என்றார் இயற்பியல் வாத்தியார், பாத்திரத்தைத் தலைகீழாகப் பிடித்து உலுக்கியபடி. சின்ன எவர்சில்வர் பாத்திரம் பெரியதற்குள் போய் உட்கார்ந்துகொண்டு அசைய மறுத்தது.

“அம்மா கழுவி மட்டும்தானே வைக்கச் சொன்னாங்க?” என்றாள் மகள். “எதிர்வீட்டுக்குத் திருப்பிக் கொடுக்கணுமாம்.”

“மாட்டிக்கிட்டதை அப்படியே கொடுத்தா நல்லாவா இருக்கும்?”

போன வாரம் குழாய் ஒழுகலைச் சரிசெய்யப் போய்ச் சமையலறையையே குளமாக்கியதிலிருந்து, “உங்க பிசிக்ஸ் பரீட்சைக்குத்தான் லாயக்கு” என்று மனைவி சொல்லிக்கொண்டிருந்தாள். மகள் வேறு அதற்குச் சிரித்துத் தொலைத்தாள். அந்தச் சிரிப்பு அவருக்கு இன்னும் வலித்தது. மனைவி வருவதற்குள் இதைப் பிரித்துக் காட்டி, போன மானத்தை மீட்டாக வேண்டும்.

“நாளைக்கு உனக்கு வெப்பப் பாடத்துல டெஸ்ட்தானே? பாத்துக்கோ. உலோகம் சூடானா விரியும், குளிர்ந்தா சுருங்கும். வெளிப் பாத்திரத்தை வெந்நீர்ல வைக்கிறோம், உள்ள ஐஸ் போடுறோம். வெளிய இருக்கிறது விரியும், உள்ள இருக்கிறது சுருங்கும். தானா கழண்டு வந்துடும்.”

வெந்நீரில் ஆவி பறந்தது. பாத்திரம் கழலவில்லை.

“அப்பா, ஐஸ் கரையவே இல்லையே?”

“அதான் நமக்கு வேணும்!” வாத்தியார் பூரித்துப்போனார். “வெளிய கொதிக்குது, உள்ள ஜில்லுனு இருக்கு. எந்த லேப்லயும் இவ்வளவு அருமையா அமையாது.”

“சுத்தி வெந்நீர் இருக்கேப்பா. கரையணும்ல?”

“நடுவுல கேள்வி கேட்டா பாடம் கெட்டுடும்.”

அடுத்து ஐஸைக் கொட்டிவிட்டு விளிம்பில் எண்ணெய் விட்டார். பாத்திரம் கை நழுவித் தரையில் உருண்டு சொட்டை வாங்கியது. சொட்டையை எடுக்கச் சுத்தியலால் தட்டினார். பக்கத்தில் இன்னொரு சொட்டை விழுந்தது.

“போதும்ப்பா.”

“சூடுதான் பத்தலை,” என்று அடுப்பைப் பற்றவைத்துப் பாத்திரத்தை அப்படியே தூக்கி மேலே வைத்தார்.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ‘டமால்’ என்றது. உள்பாத்திரம் கிளம்பிப் போய்க் கூரையை முட்டிவிட்டு, கழுவும் தொட்டியில் வந்து விழுந்தது. மகள் மேஜைக்கு அடியில் இருந்தாள்.

“பிரிஞ்சுடுச்சு!” என்று குதித்தார் வாத்தியார். “வெளிய வா, வெளிய வா! விரிவுன்னா இதான் விரிவு!”

அந்த நேரம் பார்த்து மனைவி உள்ளே வந்தாள், கூடவே எதிர்வீட்டு அக்காவும். வாத்தியார் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, கைக்கு ஒன்றாக இரண்டு பாத்திரங்களையும் நீட்டினார். மனைவி வாயடைத்து நின்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் இப்படிப் பேச்சற்று நின்று அவர் பார்த்ததே இல்லை. சந்தோஷத்தில் அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

“இப்ப சொல்லு. என் பிசிக்ஸ் எதுக்கு லாயக்கு?”

எதிர்வீட்டு அக்கா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“நான் கொடுத்தனுப்பினது ஒரே பாத்திரம்தானே தம்பி? உள்ள வச்ச சூடு வெளிய போகக் கூடாதுன்னு ரெண்டு சுவர் வச்சுச் செஞ்சது!”