தாழ்ப்பாள் வேலை செய்யுது மேடம்

அரைகுறையாகத் தெரிந்த விஷயங்களில்தான் எனக்கு உற்சாகம் பொங்கும். முழுதாகத் தெரிந்த விஷயத்தில் பொங்கி யாரும் பார்த்ததில்லை (அப்படி ஒரு விஷயம் இருந்தால்தானே). இந்தக் குணத்தால்தான் ஒரு வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு, எனக்கு மாமியாராக வரவிருந்த அம்மாவை எங்கள் கடை ஊழியர்களின் கழிப்பறை வாசலுக்கு அழைத்துப்போய், தாழ்ப்பாளை மூன்று முறை போட்டுத் திறந்து காட்டினேன்.

அம்பத்தூர் மார்க்கெட் பக்கம் எங்களுக்கு ஒரு ஜவுளிக்கடை. கல்லாவில் அப்பா. எம்.பி.ஏ. முடித்து, வேறெங்கும் வேலை கிடைக்காத காரணத்தால், கடையை நவீனப்படுத்த வந்தவன் நான். வந்த கொஞ்ச நாளில்தான் அந்தச் சட்டமும் வந்தது. கடைகளில் வேலை செய்கிறவர்களை நாள் முழுக்க நிற்க வைக்கக் கூடாது, உட்கார இருக்கை தர வேண்டும் என்றது சட்டம். அப்பா அந்தச் செய்தியைப் படித்துவிட்டு, "மாடிப்படிக்கு அடியில ரெண்டு ஸ்டூல் போட்டு வையி. கேட்டா காட்டலாம்" என்றார். நான் கொதித்துப் போனேன். ஒரு முதலாளியின் கடமை என்ன தெரியுமா என்று அவருக்கு அரைமணி நேரம் வகுப்பு எடுத்தேன். அன்று மாலையே பதினொரு பிளாஸ்டிக் ஸ்டூல்கள் வந்து இறங்கின. ஆளுக்கு ஒன்று, சிவப்பு நிறம்.

மூன்று மாதத்தில் அந்த ஸ்டூல்கள் எல்லாவற்றுக்கும் பயன்பட்டன. மேல் தட்டில் இருக்கிற பெட்டியை எடுக்க ஏறினார்கள். சாப்பாட்டுப் பையை வைத்தார்கள். மனைவி புடவை எடுக்கும் நேரத்தில் போன் நோண்டும் கணவன்மார்கள் வசதியாக உட்கார்ந்தார்கள். எங்கள் ஊழியர்கள் மட்டும் ஒருவர்கூட உட்காரவில்லை. ஏன் என்று நான் கேட்கவும் இல்லை. வாங்கிப் போட்டதோடு கடமை முடிந்தது என்று, கதவில் 'ஊழியர்கள் உட்காரலாம்' என ஒரு அறிவிப்பை ஒட்டிவிட்டுப் போய்விட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் முகப்பேரிலிருந்து ஒரு வரன் வந்தது. பெண் பெயர் வித்யா. அதற்கு முன் ஆறு இடம் தட்டிப் போயிருந்தது. இந்தப் போட்டோவைப் பார்த்ததும் எனக்கு என்னவோ ஆகிவிட்டது. போனில் வைத்துக்கொண்டு நாளைக்கு நாற்பது முறை பார்த்தேன், சொல்ல வெட்கமில்லை. பெண்ணின் அம்மாவும் என் அப்பாவும் மாங்காடு கோயிலில் சந்தித்து ஜாதகம் மாற்றிக்கொண்டார்கள். ஜாதகமும் பொருந்தியது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வருவதாகப் பேச்சு. இதுவும் தட்டிப் போனால் நான் தாங்க மாட்டேன் என்று எனக்கே தெரிந்திருந்தது.

பெண் வீட்டார் என்ன செய்வார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்கள் வெள்ளிக்கிழமையே புடவை வாங்குகிற சாக்கில் வந்து பையனை நோட்டம் விடுவார்கள். எனக்குத் தெரியாமல் போனது அதுதான். எனக்குத் தெரிந்ததெல்லாம் முந்தின நாள் வியாபாரிகள் சங்க வாட்ஸ்அப் குழுவில் வந்த செய்தி: 'தொழிலாளர் துறை அதிகாரிகள் வாடிக்கையாளர் போல வருகிறார்கள். உஷார்.'

பன்னிரண்டு மணிக்கு இரண்டு பெண்மணிகள் உள்ளே வந்தார்கள். ஒருவர் கண்ணாடி, தோள்பை, கையில் டைரி. அவர்தான் பெண்ணின் அம்மா, பள்ளிக்கூட ஆசிரியை. இன்னொருவர் பெண்ணின் அத்தை. புடவையைப் பார்க்காமல் கடையின் மூலைமுடுக்கையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அப்பா சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தார். அதிகாரிகளேதான் என்று முடிவு கட்டினேன். ஓடிப்போய்க் கைகூப்பினேன்.

"வாங்க மேடம். நீங்க யாருன்னு எனக்குத் தெரியும். தாராளமா எல்லாத்தையும் பாருங்க."

கண்ணாடிக்காரம்மா கொஞ்சம் அசடு வழிந்தார். "தெரிஞ்சுபோச்சா? அப்ப நேராவே கேட்டுடறேன் தம்பி. மொத்தம் எத்தனை பேர் இருக்கீங்க?"

"பதினோரு பேர் மேடம். ஒன்பது லேடீஸ்."

அத்தை கண்கள் விரிந்தன. "எல்லாரும் ஒண்ணாவா இருக்கீங்க?"

"ஒண்ணாத்தான் மேடம். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல பாதிப் பேர் மாறிடுவாங்க."

அம்மா டைரியில் எதையோ எழுதப் போய் நிறுத்தினார். "தப்பா நினைக்காதீங்க. குடி கிடி ஏதாவது?"

"அதுல குறையே வைக்கலை மேடம். தினமும் ரெண்டு கேன் காலியாகுது."

(தண்ணீர் கேனைச் சொன்னேன். சட்டத்தில் குடிநீர் வசதியும் உண்டு.)

"சம்பளம்?" என்றார் அம்மா, குரல் இறங்கிப்போய்.

"கவர்ன்மென்ட் சொன்ன குறைஞ்சபட்சத்துக்கு மேலதான் மேடம்" என்றேன் நெஞ்சை நிமிர்த்தி. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் அதைத் திருப்தி என்று எடுத்துக்கொண்டு, முதலுதவிப் பெட்டியைத் திறந்து பஞ்சு காட்டினேன், தீயணைப்புச் சிலிண்டரின் தேதி காட்டினேன், கடைசியில் பின்பக்கம் அழைத்துப்போய்க் கழிப்பறையைக் காட்டினேன்.

"பெண்களுக்குத் தனி மேடம். தாழ்ப்பாள் வேலை செய்யுது, பார்த்துக்கோங்க."

அம்மா பார்த்துக்கொண்டார். வேறு என்ன செய்வார், பாவம்.

திரும்பி வந்ததும் அத்தை என்னை விட்டுவிட்டுக் காஞ்சனா அக்காவிடம் போனார். காஞ்சனா அக்கா எங்கள் புடவைப் பிரிவின் ராணி. பத்தொன்பது வருஷமாக அதே இடத்தில் நிற்கிறவர். நான் டவுசர் போட்ட காலத்திலிருந்தே என்னைத் தெரியும்.

"நீ சொல்லும்மா, மறைக்காம. தம்பி எப்படி?" என்றார் அத்தை.

காஞ்சனா அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். "நல்ல புள்ளதாம்மா. கொஞ்சம் லூசு."

ஒரு அதிகாரியிடம் முதலாளியைப் பற்றிச் சொல்கிற பேச்சா இது! நான் குறுக்கே பாய்ந்து, "அக்கா, ஸ்டூலைப் பத்திச் சொல்லுங்க, ஸ்டூலைப் பத்தி" என்றேன்.

"அதையும் சொல்டறேன். ஸ்டூலு வந்து மூணு மாசம் ஆவுது. ஒருத்தரும் குந்தல."

"ஏம்மா?" என்றார் அத்தை.

"கட்டையா கீதும்மா. குந்தினா எழுந்துக்க முடில. கஸ்டமரு வரசொல்ல எல்லாம் எழுந்துக்கணும், அதுலதான் முட்டி போவுது. அதுக்கு நின்னுகினே இருக்கலாம். எங்கள ஒரு வார்த்த கேட்டுட்டு வாங்கியிருக்கலாம் தம்பி. இன்னா, கேக்கல."

அத்தை ஒரு சிவப்பு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்த்தார். எழுந்திருக்க மேசையைப் பிடிக்க வேண்டியிருந்தது. "நானும் அம்பத்தூர் இன்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல எக்ஸ்போர்ட் கம்பெனியில பதினெட்டு வருஷம் நின்னவதாம்மா, துணி செக்கிங்ல" என்றார். காஞ்சனா அக்கா புடவையைக் கணுக்காலுக்கு மேல் லேசாகத் தூக்கிக் காட்டினார். நீல நரம்புகள் முண்டும் முடிச்சுமாகப் புடைத்திருந்தன. இத்தனை வருஷத்தில் நான் அதைப் பார்த்ததே இல்லை. ஆனால் அந்த நேரத்திலும் என் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"அபராதம் மட்டும் போட்டுடாதீங்க மேடம். ஞாயித்துக்கிழமை என்னைப் பார்க்கப் பொண்ணு வீட்டுல இருந்து வராங்க."

அப்போதுதான் வாசலில் செருப்பு விடும் சத்தம் கேட்டது. சாப்பிட்டுவிட்டு வந்த அப்பா, "அடடே, வாங்க சம்பந்தி! ஞாயித்துக்கெழம தான வரேன்னீங்க! டேய், ஏன்டா நிக்க வெச்சிகினு கீற, ஸ்டூல எடுத்துப் போடுறா!" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை யாரும் வரவில்லை. திங்கட்கிழமையும் போன் இல்லை. வித்யாவின் போட்டோவைப் பார்க்க முடியாமல் போனைக் கவிழ்த்து வைத்தேன். செவ்வாய்க்கிழமை காலை காஞ்சனா அக்காவிடம் போய், "அக்கா, எப்படி இருந்தா உட்காருவீங்க?" என்று கேட்டேன். மூன்று மாதம் முன்பு கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அவரையே பைக்கில் ஏற்றிக்கொண்டு எஸ்டேட்டில் ஒரு வெல்டிங் பட்டறைக்குப் போனேன். மேசை உயரத்துக்கு இருக்கை, சாய்ந்துகொள்ள முதுகு, கால் வைக்க ஒரு கம்பி. அக்கா நான்கு மாதிரிகளில் ஏறி இறங்கி, மூன்றைக் கழித்துக்கட்டி, ஒன்றில் சாய்ந்து கண்ணை மூடினார். "இது" என்றார். அப்பாவிடமும் ஒரு நிபந்தனை போட்டார்: யாராவது உட்கார்ந்தால் கல்லாவிலிருந்து முறைக்கக் கூடாது. அப்பா ஒரு மாதம் திரும்பி உட்கார்ந்து பேப்பர் படித்தார்.

இரண்டு வாரம் கழித்து அத்தை போன் செய்தார். நலம் விசாரிக்கவில்லை. "ஸ்டூல மாத்தினியா?" என்றார்.

"மாத்திட்டேன் மேடம்."

"யாரக் கேட்டு?"

"காஞ்சனா அக்காவைக் கேட்டு."

"ஞாயித்துக்கெழம வர்றோம். இனிமே மேடம்னு கூப்பிடாத."

எங்கள் கல்யாணத்தில் முதல் வரிசையில் கால் நீட்டி உட்கார்ந்து, யார் வந்தாலும் எழுந்திருக்காமல் மூன்று மணி நேரம் இருந்தவர் காஞ்சனா அக்கா. இப்போதும் முகப்பேருக்குப் போனால், நான் செருப்பைக் கழற்றும்போதே மாமியார் முகத்தைச் சாதுவாக வைத்துக்கொண்டு, "மாப்ள, தாழ்ப்பாள் நல்லா இருக்கு, ஒருவாட்டி பார்த்துடுங்க" என்பார். வித்யாவோடு எனக்கு எப்போது வாக்குவாதம் வந்தாலும், அது எந்த விஷயமாக இருந்தாலும், அவள் முடிப்பது ஒரே மாதிரிதான்.

"காஞ்சனாக்கா உங்களப் பத்தி அப்பவே உண்மையச் சொன்னாங்க. எங்கம்மாதான் தாழ்ப்பாளப் பார்த்து ஏமாந்துட்டாங்க."