கேட்டில் நின்ற 'தூங்குனியா'

தமிழ்நாடு, கர்நாடகம் இரண்டையும் சேர்த்துச் சல்லடை போட்டுச் சலித்தாலும், ஓசூரில் எங்கள் கம்பெனி கேட்டில் நின்றவரைப் போல இன்னொரு செக்யூரிட்டி கிடைக்கமாட்டார். மற்ற செக்யூரிட்டிகள் நம் பையைத் திறந்து பார்ப்பார்கள். இவர் முகத்தைப் பார்த்து, "தூங்குனியா கண்ணு?" என்று கேட்பார். பதில் வந்தால்தான் வழி விடுவார். அதனால் அவர் பெயரே 'தூங்குனியா' ஆகிவிட்டது. கம்பெனி ரெக்கார்டில் வேறு பெயர் இருந்திருக்கும். எனக்குத் தெரிந்து யாரும் அதைத் தேடிப் போனதில்லை.

போச்சம்பள்ளிப் பக்கமிருந்து வரும் கம்பெனி பஸ் நின்றதும் நாற்பது பேரும் "தூங்குனேன், தூங்குனேன்" என்று ஆஜர் சொல்வதுபோல் சொல்லிக்கொண்டே நுழைவார்கள். ஒருமுறை ஜப்பானிலிருந்து ஒரு பெரிய கஸ்டமர் வந்தார். ஜெனரல் மேனேஜர் மாலையோடு நிற்கிறார். தூங்குனியா விறைப்பாக ஒரு சல்யூட் அடித்துவிட்டு, "ஸ்லீப்பிங் ஓகே சார்?" என்றார். ஜெனரல் மேனேஜருக்கு வியர்த்துவிட்டது. ஜப்பான்காரரோ சோகமாகத் தலையாட்டி, இரண்டு விரலைக் காட்டினார். இரண்டு நாளாகத் தூக்கமில்லையாம்.

"சார், மீட்டிங்க மத்தியானத்துக்கு மாத்துங்க. மனுசன் கண்ணு செவந்து கெடக்குது."

மாற்றினார்கள். வந்தவர் கெஸ்ட் ஹவுஸில் நான்கு மணி நேரம் குறட்டை விட்டு எழுந்து, சிரித்தபடியே ஆர்டரில் கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு அந்தக் கேள்வியைத் தடை செய்ய எந்த மேனேஜருக்கும் தைரியம் வரவில்லை.

நான் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து இங்கே வந்தவன். இரண்டாயிரத்து ஐந்து வாக்கில், அந்தக் கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். நான் பார்த்து அனுப்பிய சரக்கு ஒன்று ரிஜெக்ட் ஆகித் திரும்பி வந்தது. யாரும் பெரிதாகத் திட்டக்கூட இல்லை. நானே என்னைத் திட்ட ஆரம்பித்தேன். ஒரு தடவை அளந்தால் போதும் என்கிற பீஸைப் பத்துத் தடவை அளந்தேன். படுத்தால் கண்ணுக்குள் எண்கள் ஓடின. சோறு இறங்கவில்லை. ஊருக்குப் போன் பேசுவதை நிறுத்தினேன். நான் இல்லாமல் போனால் எல்லோருக்கும் நிம்மதி என்ற எண்ணம் தினமும் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. கேட்டில் மட்டும் "தூங்குனேண்ணே" என்று தவறாமல் பொய் சொல்லிவந்தேன்.

ஒருநாள் காலை கேட்டுக்கு முன்னால் கால் நகரவில்லை. பின்னால் வந்தவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

"தூங்குனியா கண்ணு?"

"இல்லண்ணே" என்றேன். அழுகை வந்துவிட்டது.

அவர் இரண்டு கையையும் தூக்கி, "அப்பாடா! நாலு வருசமா கேக்கறேன், இன்னிக்குத்தான் நம்மாளு ஒருத்தன் நெசம் சொல்றான்!" என்று கத்தினார்.

அழுதுகொண்டே சிரித்தது எனக்கு அதுதான் முதல் தடவை.

கேபினில் உட்காரவைத்து டீ கொடுத்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து, ஐடி கார்டு காட்டுவதுபோல் காட்டினார். "எட்டு வருசமா சாப்பிடறேன். முன்ன நான் லேத்துல வேல பாத்தவன். மிஷினு என்னிய பேர் சொல்லித் திட்டுது கண்ணு, அதுவும் தெலுங்குல! எனக்குத் தமிழும் கன்னடமும்தான் வரும். பதிலுக்குத் திட்டக்கூட முடியல. பெங்களூர்ல காட்டுனாங்க, சரியாச்சு. நான் டாக்டரு இல்ல. ஆனா டாக்டரு வூட்டுக்கு வழி தெரியும்."

வாரம் இரண்டு நாள் ஓசூருக்கு வந்துபோகும் ஒரு டாக்டரம்மாவிடம் அன்று சாயங்காலமே கூட்டிப்போனார். அவர் என்னைக் கேட்ட கேள்விக்கெல்லாம் தூங்குனியா பதில் சொன்னார்.

"பசி எப்படி இருக்கு?"

"அரை இட்லிங்க மேடம், அதுக்கே முக்கறாரு."

"இங்க யார் பேஷண்ட்?"

"இன்னிக்கு அவருங்க. நான் அடுத்த வாரம்."

டாக்டரம்மா அவரை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார். பிறகு, செத்துப்போகத் தோன்றுகிறதா என்று நேராகவே கேட்டார். தோன்றுகிறது என்றேன். அதைச் சொன்ன பிறகும் கூரை இடிந்து விழவில்லை. "இது வியாதி. சரி பண்ணலாம். கொஞ்ச நாளைக்குத் தனியா இருக்காதீங்க" என்றார்.

அந்தக் கடைசி வார்த்தையைத் தூங்குனியா அரசாணையாக எடுத்துக்கொண்டார். என் ரூமுக்கு வந்து, கூட இருந்த இருவருக்கும் டூட்டி போட்டார். தேனிக்காரன் மாத்திரைக்கு, சேலத்துக்காரன் நடைக்கு. என்னிடம் கேட்டுக்கொண்டு பெர்சனல் மேனேஜரிடம் போய், லீவும் அதற்குப் பிறகு ஸ்டோரில் லேசான வேலையும் வாங்கிவந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு நர்சரிப் பள்ளிக்கு இழுத்துப்போனார். என்னைப்போல் மருந்து சாப்பிடுகிறவர்கள் பத்துப் பேர், எல்.கே.ஜி. நாற்காலிகளில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். அங்கே ஒரே ரூல்தான். கேட்காமல் யாருக்கும் புத்தி சொல்லக்கூடாது. வாரம் தவறாமல் அதை மீறியவர் தூங்குனியா. தண்டனை, பத்து நிமிஷம் வாயைத் திறக்கக்கூடாது. அந்தப் பத்து நிமிஷமும் அவர் முகம் குக்கர் விசில் வரப்போவதுபோல் இருக்கும். தண்டனை கொடுப்பவர் தளியில் ரோஜாத் தோட்டம் வைத்திருந்த கன்னடக்காரர், ராமண்ணா.

இரண்டு மாதத்தில் ஒருநாள் விடிந்து ஏழு மணிக்குத்தான் விழித்தேன். நன்றாகப் பசித்தது.

ஒரு வருடம் கழித்து, ஒரு திங்கட்கிழமை அவர் என்னை ஒன்றும் கேட்காமல் உள்ளே விட்டார். செவ்வாய்க்கிழமையும் அப்படியே. சைக்கிள்களுக்கெல்லாம் நம்பர் போட்டு ரிஜிஸ்டரில் எழுதிக்கொண்டிருந்தார். கண் சிவந்திருந்தது. அவர் மனைவிக்குப் போன் செய்தேன். "ஒரு மாசமா மாத்திர சாப்பிடலப்பா. எனக்குத்தான் சரியாயிடுச்சேங்கறாரு. டாக்டருன்னாலே கோவம் வருது" என்றார்.

ராமண்ணாவுக்குச் சொன்னேன். தளியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிட்டார். இரண்டு பேரும் கேபினுக்குள் போய், அவருக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்தோம். ராமண்ணா பேசாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். ஷிப்ட் ஆட்கள் எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள். லாரிகள் வந்தன, போயின. மாற்று ஆள் வந்து கேட்டைப் பார்த்துக்கொண்டார்.

அரை மணி நேரம் ஆனதும் தூங்குனியாவே வெடித்தார். "ஏம்ப்பா, எழவு வூடு மாதிரி குந்தியிருக்கறீங்க? எதனா பேசுங்களேன்!"

"புத்தி சொல்லக்கூடாதுன்னு ரூல் இருக்குதுல்ல" என்றார் ராமண்ணா.

அவர் முறைத்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நாலு நாளா தூங்கலப்பா. கூட்டிட்டுப் போங்க" என்றார்.

மூன்று பேரும் டவுன் பஸ் ஏறினோம்.

மருந்தும் ஓய்வுமாக ஆறு வாரம் இருந்துவிட்டு வேலைக்குத் திரும்பி வந்தார். கொஞ்சம் குண்டாகி, புது ஷூவோடு. வந்ததும் முதல் வேலையாக, மாற்று ஆள் எழுதியிருந்த ரிஜிஸ்டரைப் புரட்டி, "கோழி கெளறுன மாதிரி எழுதியிருக்கறான்" என்று அரை மணி நேரம் திட்டினார். கேட்கக் கேட்க எங்களுக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

இப்போது நான் சென்னையில் இருக்கிறேன். எனக்குக் கூடப்பிறந்த அண்ணன் ஒருவர் உண்டு. போனில் அவர் நம்பர் அவருடைய பெயரில் இருக்கிறது. 'அண்ணன்' என்று போட்டிருப்பது தூங்குனியாவின் நம்பருக்கு.