ஜாடியின் அப்பா குடிகாரரா?

மூன்று வாரமாக எங்கள் தெருமுனை மண்டபத்தில் கூட்டம் தாங்கவில்லை. வந்திருப்பவர் 'ஜீன் ஐயா'. சாமியார் என்றால் இப்போதெல்லாம் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். அதனால் தாடியை மழித்துவிட்டு வெள்ளைக் கோட்டுக்கு மாறிவிட்டார். கழுத்தில் ஸ்டெதஸ்கோப். அதில் ஒரு காது கழன்று தொங்கியது. பரவாயில்லை, காது கொடுத்துக் கேட்கிற தொழிலா அது?

குடிகாரர் பிள்ளைக்குள் குடிகார ஜீன் உட்கார்ந்திருக்குமாம். எச்சிலைப் பார்த்தே சொல்லிவிடுவாராம். இருந்தால் ஒரு தாமிர மோதிரம் மாட்டி அடக்கிவிடுவாராம்.

முதலில் ஒரு கேள்வி: "வீட்ல யாராவது குடிச்சாங்களா?" ஆமாம் என்றால் நீல ஜாடித் தண்ணீர், இல்லை என்றால் வெள்ளை ஜாடி. வாயைக் கொப்பளித்துவிட்டு மஞ்சள் தடவிய தாளில் துப்ப வேண்டும். நீல ஜாடிக்காரர்களின் தாள் சிவக்கும். "உங்க குடும்பத்துல குடி இருக்கு!" என்பார். கூட்டம் வாயைப் பிளக்கும். நாம் சொன்னதையே நமக்குத் திருப்பிச் சொன்னதற்கு அத்தனை வியப்பு! மோதிரம் ஏறியபின் வெள்ளை ஜாடியில் கொப்பளித்துத் துப்பினால் தாள் மஞ்சளாகவே இருக்கும். ஜீன் அடங்கிவிட்டது. கைதட்டல்.

அம்மா என் தம்பிக்கும் ஒரு மோதிரம் போட்டுக் கூட்டிவந்தாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்பாவைக் குடிக்கு வாரிக்கொடுத்தவள் அவள்.

தம்பி அச்சகத்தில் காகிதம் வெட்டும் மெஷின் ஓட்டுகிறான். அப்பாவைப் பார்த்த பயத்தில் குடி வாடையே அவனுக்கு ஆகாது. மோதிரம் அடக்கியது அந்தப் பயத்தை மட்டும்தான். ஒருநாள் மதியச் சாப்பாட்டுக்கு வந்தான். அவன் வாயில் அப்பாவின் வாடை.

"என்னடா இது?"

"மோதிரம் இருக்குல்லக்கா! நாலு கிளாஸ் போட்டேன். பாரு, ஒத்தக் கால்ல நிக்கறேன்."

நின்றான். துளிகூட ஆடவில்லை.

"இப்படியே போய் பிளேடுக்கு அடியில கைய விடப்போறியா?"

"எனக்குத்தான் ஏறவே இல்லையே!"

அன்று அவனை வேலைக்கு விடாமல் கதவைப் பூட்டிவிட்டுத் துணி துவைக்க உட்கார்ந்தேன். கோபத்தில் துவைத்தால் நன்றாக வெளுக்கும். அம்மாவின் புடவையில் ஒரு மஞ்சள் கறை. சோப்பு பட்டதும் சிவந்தது. எப்போதும் சிவப்பதுதான். அடப்பாவி மனுஷா! மண்டபம் நிறையத் துணி துவைக்கிறவர்கள், ஒருத்தருக்கும் உறைக்கவில்லையே. பட்டம் வாங்கிய எனக்கே மூன்று வாரம் ஆயிற்று.

மறுநாள் ஜீன் ஐயா தம்பியை மேடையேற்றி, "அடங்கின ஜீனுக்கு இவர்தான் சாட்சி!" என்று முழங்கிக்கொண்டிருந்தார். நானும் ஏறினேன்.

"ஐயா, ஒரு தாள் குடுங்க."

"பாத்துக்கணுமாம்மா? முதல்ல வாய் கொப்பளி."

"வாயே வேணாங்க."

தாளை நேராக நீல ஜாடிக்குள் விட்டேன். சிவந்தது. தூக்கிக் காட்டினேன்.

"ஐயோ பாவம், இந்த ஜாடியோட அப்பா குடிகாரரா?"

மண்டபம் சிரித்தது. வெள்ளை ஜாடியில் இன்னொரு தாளை நனைத்தேன். மஞ்சளாகவே இருந்தது.

"இது நல்ல குடும்பத்து ஜாடி போல! உங்க வீட்டு மஞ்சக் கறை சோப்பு பட்டா சிவக்கிறதில்ல? அதே கதைதாங்க. நீலத்துல சோடா உப்பு மாதிரி எதையோ கரைச்சு வெச்சிருக்காரு."

"ஜாடியில் எதிர்மறை அதிர்வு..." என்று ஆரம்பித்தார் ஜீன் ஐயா.

"அப்ப ஜாடிக்கும் ஒரு மோதிரம் மாட்டுய்யா!" என்றாள் முன்வரிசையில் ஓர் அம்மாள்.

அதிர்வு பின்வாசல் வழியாக ஓடியது. ஸ்டெதஸ்கோப் மட்டும் கதவுக் கொக்கியில் தொங்கியது.

"அப்ப ரத்தத்துல ஒண்ணுமே இல்லையாக்கா?" என்றான் தம்பி. அவன் முகத்தில் வந்த நிம்மதிதான் எனக்கு ஜீன் ஐயாவைவிடப் பயமாக இருந்தது.

"இருக்கலாம்டா. அப்பா குடிச்சிருந்தா பிள்ளைக்கு ஆபத்து அதிகம்தான். ஆனா விதி மாதிரி கட்டாயமில்ல. அது ஒரே ஒரு ஜீனும் இல்ல, எச்சில் தாள்ல சிவக்கறதுக்கு. அதுலயும், ஏறலன்னு பீத்திக்கிறியே, அதுதான் மோசம். சட்டுனு ஏறுறவன் பயந்து நிறுத்திடுவான். ஏறாதவன் ஊத்திக்கிட்டே போவான்."

"போக்கா. நான் ஸ்டெடியா..."

கீழே இருந்த அம்மா அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"உங்கப்பாவும் கடைசிவரைக்கும் ஆடினதே இல்லடா."

தம்பி மோதிரத்தைத் திருகினான். வரவில்லை. குழாயடிக்குப் போய்ச் சோப்புப் போட்டுத்தான் கழற்றினான்.

பெற்றவர்களிடமிருந்து மூக்கு வருகிறது, முடி வருகிறது, குடிக்குச் சுலபமாக மாட்டிக்கொள்ளும் உடம்பும் வரலாம். கூடவே மூளை என்று ஒன்றும் வருகிறது, மக்களே. அதை மட்டும் எந்த ஜாடியில் போட்டு மூடி வைத்திருக்கிறீர்கள்?