சுடாமலே கேட்ட சத்தம்

"ஏங்க, ஜாடியில இருந்த மொச்சை எங்க?"

செவ்தா சமையலறையிலிருந்து கேட்டபோது அவள் கணவன் மின்ச்சோ கூடத்துத் தரையில் குப்புறப் படுத்திருந்தான். தோளில் புது ரைபிளின் பின்கட்டை. அதற்கு அடியில் முட்டுக்கொடுத்திருந்தது அவனுடைய கம்பளிக் காலுறை. காலுறைக்குள் மொச்சை.

"தொலைதூரம் சுடறதுன்னா துப்பாக்கி இம்மி கூட ஆடக் கூடாது செவ்தா. கட்டைக்குக் கீழ ஒரு குட்டி மூட்டை வெச்சு அமுக்கணும். கடையில அதை ஆனை விலை சொல்றான். நான்தான் சிக்கனமா..."

"அப்போ சூப்புக்கு உங்க காலுறையை அப்படியே கொதிக்க வெச்சிடவா?"

மின்ச்சோ மூச்சைப் பாதி விட்டு, நிறுத்தி, சுவரில் இருந்த மாமனார் படத்தின் மீசையைக் குறிபார்த்துக்கொண்டிருந்தான்.

அவனுக்கு ஏன் இந்த வேண்டாத வேலை? ரோடோப் மலையில் அந்தச் சிற்றூருக்கும் சுற்றுப்பட்டுக்கும் தண்ணீர் மீட்டர் பார்ப்பவன் அவன். முனிசிபாலிட்டி உத்தியோகம், முனிசிபாலிட்டி கோட்டு, யார் வம்புக்கும் போகாத சுபாவம். கெட்ட நேரம், வேட்டைக்காரர் வீட்டில் பெண் எடுத்துவிட்டான். ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் புனித திமித்தர் திருநாளன்று ஊர் வேட்டைச் சங்கம் ஓடைப் பள்ளத்துக்கு அக்கரையிலுள்ள பழைய கல்குவாரியில் நிரந்தரமாகத் தொங்கும் ஓர் இரும்புத் தகட்டை இக்கரையிலிருந்து சுடும். எண்ணூறு மீட்டர். பள்ளத்தில் இறங்கி ஏறி யார் போய்ப் பார்ப்பது? அதனால் காதுதான் சாட்சி. 'டங்' என்று கேட்டால் அடி பட்டது, ஊற்று ராக்கியாச் சாராயத்தை. ஒரு தடவையாவது 'டங்' கேட்க வைத்தவனுக்குத்தான் விருந்து மேசையில் இடம். மின்ச்சோ கல்யாணமான நாளிலிருந்து ஆட்டுக்கறி அண்டாவின் பக்கத்தில் அகப்பையோடு நின்று மற்றவர்களுக்குப் பரிமாறிக்கொண்டிருந்தான்.

போன வருஷம் செவ்தாவின் அண்ணன் ராங்கெல் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டான்: "மாப்ள, நீ பார்க்கிறது தண்ணி மீட்டர், நாங்க பார்க்கிறது எண்ணூறு மீட்டர். சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்?"

மேசையே சிரித்தது. மின்ச்சோவின் மகள்கூடச் சிரித்தாள். அவனுக்கு அதுதான் தாங்கவில்லை.

"அடுத்த வருஷம் நான் அடிச்சுக் காட்டறேன் மச்சான். அடிக்கலேன்னா ஆயுசுக்கும் இந்த அகப்பைதான்!"

ராக்கியா பேசிய பேச்சு. ஆனால் வாய் அவனுடையதாயிற்றே.

உரிமம் வாங்கப் பரீட்சை எழுதினான், தேறினான். கடைக்குப் போனவன் அங்கே புத்தி கெட்டான். எறும்பின் காலில் மயிர் இருந்தாலும் தெரியும் என்று கடைக்காரன் சொன்ன தொலைநோக்கி, மடக்கும் முட்டுக்கால், தூரம் அளக்கும் கருவி, மெல்லிய சத்தத்தை மட்டும் உள்ளே விடும் காதுமூடி, இலை தழை வரைந்த கால்சட்டை. எல்லாவற்றையும் சுமந்துகொண்டு பயிற்சிக்கு கேப்டன் இக்னாத்திடம் போய் நின்றான்.

கேப்டன் பட்டாளத்தில் குறிபார்த்துச் சுடுபவராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது இரண்டு கண்ணிலும் புரை. ஆனால் அதைச் சொன்னால் அடிக்க வருவார். சாமான்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார்.

"முட்டாப் பயலே! நல்ல குழலா ஒண்ணு, சுமாரான கண்ணாடி ஒண்ணு, மிச்சக் காசுக்கெல்லாம் தோட்டா. இதுதான்டா தொடங்கறவனுக்கு. தோட்டா எத்தனை வாங்கினே?"

"ஒரு பெட்டி கேப்டன்."

"ஒரு பெட்டி! கால்சட்டையைச் சுடப்போறியா?" என்று கத்திவிட்டுச் சாந்தமானார். "சரி விடு. காத்தைப் படிக்கக் கத்துக்கோ. அவ்வளவு தூரத்துக்குக் காத்து தோட்டாவைக் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிடும். ஒரு கம்புல சிவப்புத் துணி கட்டிக்கோ. உசத்திப் பிடி, எந்தப் பக்கம் பறக்குதுன்னு பாரு, இறக்கு, சுடு."

சிவப்புத் துணிக்கு எங்கே போவது? செவ்தாவின் பெரிய சிவப்புச் சால்வை கம்பில் ஏறியது. அன்றைக்கு வீட்டில் நடந்ததை எழுத வேண்டியதில்லை.

முதல் வெடி. மின்ச்சோ சால்வையை உயர்த்தினான், பார்த்தான், இறக்கினான், படுத்தான், விசையை அழுத்தினான். தோளில் உதை. பள்ளம் முழுக்க எதிரொலி உருண்டு அடங்கியது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு அக்கரையிலிருந்து, மெல்லியதாக:

டங்.

"பட்டுச்சு!" என்று கேப்டன் துள்ளினார். "டேய், முதல் தோட்டாவே!"

மீட்டர் பார்க்கும் கை அல்லவா? மின்ச்சோ ஒவ்வொரு வெடிக்கும் முன்னால் தவறாமல் சால்வையை ஏற்றி இறக்கினான். ஒவ்வொரு வெடிக்கும் டங். கேப்டன் அவனைக் கட்டிப்பிடித்து அழுதார். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. ராங்கெல் வீடு தேடி வந்து, கதவோரம் நின்றே, "என்னமோ சொல்றாங்களே மாப்ள" என்றான். மின்ச்சோவுக்குத் தலைகால் புரியவில்லை.

அதோடு விட்டிருக்கலாம். மறுநாள் தன் தோட்டா செய்த வேலையைக் கண்ணால் பார்க்கும் ஆசையில் பள்ளத்தில் இறங்கி அக்கரை ஏறினான்.

தகடு சங்கிலியில் தொங்கியது. துருவேறி, பழைய தழும்புகளோடு. புதிதாக ஒரு கீறல் இல்லை. சங்கிலிக்கும் தகட்டுக்கும் இடையே சிலந்தி வலை. அதன் நடுவில் சிலந்தி நிம்மதியாக உட்கார்ந்திருந்தது.

குவாரிக்கு மேலே, வலது பக்கம் ஒதுங்கி, ஆள் ஒழிந்த மேலூர். கூரை விழுந்த வீடுகள், சாய்ந்த தேவாலயம், கல்லறைகள். அங்கே மீட்டரே இல்லை, ஆகவே மின்ச்சோ போனதில்லை. காற்று நின்றிருந்தது. யாரோ விறகடுப்பு மூட்டியதுபோல் ஒரு வாசனை வந்தது. யாருமில்லாத ஊரில் யார் அடுப்பு? அவன் வந்த வேகத்தைவிட இரண்டு மடங்கு வேகத்தில் திரும்பினான்.

"துரு நிறத்துல அடி தெரியாதுடா" என்றார் கேப்டன். "வெள்ளை பெயின்ட் அடி."

அடித்தான். சுட்டான். டங். போய்ப் பார்த்தான். தகடு புதுச் சட்டை போட்ட பிள்ளை போல வெள்ளையாக இருந்தது.

"பெயின்ட் கெட்டியா இருக்கும்" என்றார் கேப்டன். ஆனால் குரலில் பழைய தெம்பு இல்லை.

செவ்தாவிடம் சொன்னான். அவள் சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். "அங்க இருக்கறது கல்லறை மட்டும்தாங்க. உங்க தோட்டாவை அவங்கதான் கையில பிடிக்கிறாங்க. பிடிச்சிட்டுத் தகட்டைத் தட்டறாங்க. எதுக்குத் தட்டறாங்க? உங்களைக் கூப்பிடறாங்க."

"சும்மா இரு செவ்தா."

"நான் சும்மா இருப்பேன். அவங்க இருப்பாங்களா?"

அன்றிலிருந்து ரைபிளுக்கு வீட்டில் இடமில்லை. கோழிக்கூண்டுக்குப் போயிற்று. கோழிகள் முட்டையிடுவதை நிறுத்தின.

தோட்டா தீர்ந்ததும் கேப்டன் அடுத்த பாடம் சொன்னார்: "தோட்டா இல்லாமப் பழகு. மூச்சு, விரல், விசை. நல்லாச் சுடறவன் பாதி வித்தையை வெறும் துப்பாக்கியிலதான் கத்துக்கறான்." மின்ச்சோவுக்கு நிம்மதி. தோட்டாவே இல்லாதபோது எதை எவன் பிடிப்பான்? சால்வையை ஏற்றி இறக்கினான். படுத்தான். அழுத்தினான். 'க்ளிக்.'

டங்.

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"நான் ஒண்ணும் கேக்கல" என்றார் கேப்டன்.

மின்ச்சோ மறுபடியும் சால்வையை உயர்த்தி இறக்கினான். பொட்டு வியர்வை கண்ணில் இறங்கியது, துடைத்துக்கொண்டான். விரல் இன்னும் விசையைத் தொடவே இல்லை.

டங்.

கேப்டன் எழுந்து, புரை விழுந்த கண்ணோடு ஒரு கல் தடுக்காமல் வீடு போய்ச் சேர்ந்தார்.

பாதிரியார் அனானி வந்து ரைபிளின் மேல் தாராளமாகத் தீர்த்தம் தெளித்தார். தீர்த்தம் விலையுயர்ந்த தொலைநோக்கிக்குள் இறங்கி, அதன் பிறகு அதில் மூட்டம் மட்டுமே தெரிந்தது. எண்ணூறு மீட்டர் இருக்கட்டும், முன்னால் நின்ற பாதிரியாரே தெரியவில்லை. அப்படியும் டங்.

மின்ச்சோ கணக்குப் போட்டுப் பார்த்தான். உண்மையைச் சொன்னால் ஆயுசுக்கும் அகப்பை. சொல்லாவிட்டால் மேசையில் இடம் உண்டு. ஆனால் அந்த இடத்தை யார் வாங்கிக் கொடுத்தது, பதிலுக்கு என்ன கேட்கப்போகிறது? யோசித்து யோசித்து முடிவுக்கு வந்தான். தோற்றுவிடுவது. அகப்பையோடு நின்றவன் எவனும் செத்ததில்லை.

திருநாள் வந்தது. அண்டாவில் ஆட்டுக்கறி கொதித்தது. நீள மேசையில் ரொட்டியும் ராக்கியாவும். மற்றவர்கள் புல்லைக் கிள்ளிக் காற்றில் விட்டுப் பார்த்துச் சுட்டார்கள். ராங்கெல் மட்டும்தான் அடித்தான். அந்த 'டங்' கணீரென்று உடனே வந்தது. கடைசியாக மின்ச்சோ முனிசிபாலிட்டி கோட்டோடு எழுந்தான்.

சால்வையை ஏற்றினான், இறக்கினான். படுத்தான். எல்லாரும் பார்க்கவே, குழலைத் தாழ்த்தி, முன்னாலிருந்த மண்மேட்டில் சுட்டான். ஆளுயரத்துக்குப் புழுதி கிளம்பி ராங்கெலின் ராக்கியாவில் விழுந்தது.

"என்ன மாப்ள, உருளைக்கிழங்கு தோண்டறியா?" ராங்கெல் வாயைத் திறந்து சிரித்தான். "எடு அகப்பையை!"

டங்.

திறந்த வாய் மூடவில்லை.

"கல்லுல பட்டு எகிறியிருக்கும்" என்றார் கேப்டன், ஓர் அடி பின்னால் நகர்ந்துகொண்டே.

"மண்ணுல சுட்டான்! நான் பார்த்தேன்!" என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான்.

"இது நான் இல்லேங்க!" மின்ச்சோ முழங்காலில் எழுந்து அழுதேவிட்டான். "சத்தியமா நான் ஒரு தடவை கூட அடிக்கல! தகட்டுல என் கீறல் ஒண்ணு கூட இல்ல. நான் கேக்காமலே அது அடிக்குது. இதோ பாருங்க!" சால்வையைத் தூக்கி ஆட்டி இறக்கினான். ரைபிளைத் தள்ளி வைத்துவிட்டு இரு கையையும் மேலே உயர்த்திக் காட்டினான். அண்டா கொதிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

டங்.

பாதிரியார்தான் முதலில் மேசைக்குப் பின்னால் போனார். மற்றவர்கள் அவருக்குப் பின்னால். வெகு நேரம் கழித்து ராங்கெல், முகம் வெளுத்து, கையைக் கட்டிக்கொண்டு வந்தான்.

"மாப்ள... நீங்க வந்து உக்காருங்க. தலைமாட்டுல உக்காருங்க."

நீங்க! கல்யாணமான நாளிலிருந்து கேட்காத சொல். மின்ச்சோ உட்கார்ந்தான். ராங்கெலே அகப்பை பிடித்து, நல்ல தொடைக்கறியாகப் பார்த்துப் போட்டான். ஆனால் மேசையின் இருபுறமும் காலி. ஒருவன் பக்கத்தில் வரவில்லை. மகளைச் செவ்தா தன் பாவாடையோடு இழுத்துப் பிடித்திருந்தாள். ஆசைப்பட்ட இடத்தில் தனியாக உட்கார்ந்து அவன் கறியை மென்றான். இப்போது அவனுக்கு அகப்பை மேல் வந்த ஏக்கம் சொல்லி முடியாது.

அப்போதுதான் ஓடைப் பள்ளத்தின் விளிம்பில் ஒரு தலை தெரிந்தது. பிறகு கறுப்பு உடை, ஊன்றுகோல். மூச்சு வாங்க மேலேறி அவர்களை நோக்கி வந்தது.

"தோப்ரா!" என்று யாரோ அலறினார்கள். "மேலூர் தோப்ரா! மகனோட ஸ்பெயினுக்குப் போய் அங்கேயே செத்துட்டாளே!"

பெஞ்சுகள் சரிந்தன. ராங்கெல் அகப்பையோடு அண்டாவுக்குப் பின்னால் பதுங்கினான். அந்த உருவம் யாரையும் பார்க்காமல் நேரே போய்ச் சிவப்புச் சால்வையைக் கம்போடு பிடுங்கியது. பாதிரியார் சிலுவையை நீட்டி, உள்ளே போன குரலில் கேட்டார்: "சொல்லு, நீ உயிரோட இருக்கியா, செத்துட்டியா?"

"என்னது?" அவள் காதுக்குப் பின்னால் கையைக் குவித்தாள். "கத்திப் பேசு சாமி. இடி விழுந்தாலும் எனக்குக் காது கேக்காது. மருமகளோட ஒத்து வரலேன்னு வசந்தத்துலயே திரும்பி வந்துட்டேன், அதையும் இந்த ஊர்ல ஒருத்தரும் கேக்கல."

பிறகு சுற்றிப் பார்த்தாள். காலி மேசையின் தலைமாட்டில் முனிசிபாலிட்டி கோட்டோடு உட்கார்ந்திருந்த மின்ச்சோ கண்ணில் பட்டான். கம்பால் அவன் தட்டைத் தட்டினாள்.

"முனிசிபாலிட்டிக்காரன் நீதானா? இக்கரையில சிவப்புத் துணி தெரிஞ்சா, கோயில்ல மணிக்குப் பதிலாத் தொங்குற இரும்பைத் தட்டு, நீ உயிரோட இருக்கேன்னு தெரிஞ்சுக்கறோம்னு உங்க டவுன் முனிசிபாலிட்டி நர்சம்மா சொன்னா, சரின்னேன். அதுக்காக ஒரு பொம்பளை ஒரு நாளைக்கு எத்தனை தடவைடா உயிரோட இருக்கிறது?"