வாத்துக்குத் தொண்ணூற்றொரு புள்ளி

என் வாழ்நாளில் நான் ஆற அமர இருந்து, திட்டமிட்டுச் சொன்ன பொய் ஒன்றேயொன்றுதான். அதை எழுத்தில் சொன்னேன். சொன்னதோடு நில்லாமல், அது பொய் என்பதற்கான சான்றுகளையும் மூன்று மேலதிகத் தாள்களில் நானே எழுதி, மூலையில் துளையிட்டு நூல் கட்டி, உரியவர் கையில் ஒப்படைத்தேன். (படித்தவன் பொய் சொன்னால் இப்படித்தான் முடியும்.)

எண்பதுகளின் நடுப்பகுதி. யாழ்ப்பாணத்துக் கல்லூரி ஒன்றில் இருபது ஆண்டு கணிதம் படிப்பித்த நான், புலம்பெயர்ந்து வந்த ஒக்லாந்து நகரில், பிளாக்ஹவுஸ் பே என்ற புறநகரில் குடியிருந்து, ஓர் அலுவலகத்தில் கோப்புகளை அகரவரிசையில் அடுக்கிக்கொண்டிருந்தேன். உத்தியோகம் சுருங்கிவிட்டபடியால் கௌரவத்தை இருமடங்காகப் பெருப்பித்து வைத்திருந்த காலம். அக்காலத்தில் எங்கள் தமிழ்ச் சங்கத்துக் குடும்பங்கள் எல்லாம் மூன்று வரிசைக் கதிரையில் அடங்கிவிடும். அந்த மூன்று வரிசைக்கு முன்னால் நின்று, "தொலைக்காட்சியும் தமிழரின் வீழ்ச்சியும்" என்ற தலைப்பில் நாற்பது நிமிடம் முழங்கினேன்.

முழக்கத்தின் பயன் அந்த ஞாயிறு இரவே தெரிந்தது. த்ரீ கிங்ஸ் என்ற அயற்பகுதியில் வசித்த செல்லத்துரை அண்ணர், ஓய்வுபெற்ற புகையிரத நிலைய அதிபர், தம் வீட்டு டீவியைத் தூக்கிக் கராஜில் வைத்துச் சாக்கினால் மூடிவிட்டார். "அடுத்த தலைவர் மாஸ்டர்தான்" என்று என்னைக் காட்டி எல்லாரிடமும் சொல்லவும் தொடங்கினார். அண்ணர் கொடி காட்டினால் சங்கத்தில் மறு பேச்சில்லை. நான் "தலைவர்" என்ற சொல்லுக்கு மேலே கையெழுத்து எப்படி அமையும் என்று எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இனி உண்மைக்கு வருவோம். ஞாயிறு மாலை ஏழரைக்குத் திரைச்சீலைகளை இழுத்து மூடிவிட்டு, நான் ஒரு பிரித்தானியச் சிரிப்பு நாடகம் பார்த்து வந்தேன். ஒரு கிராமம், அங்கே ஒன்றுமே நடக்காது. ஒரு வாரம் பூசணிக்காய்ப் போட்டி அறிவிப்பார்கள். அடுத்த வாரம் அறிவித்தலில் எழுத்துப் பிழை என்று கூட்டம் கூடும். தபாற்கந்தோர் அம்மா எல்லாருடைய கடிதங்களையும் வாசிப்பார். தேவாலயத்துக் கேற்றடியில் ஒரு வாத்து நிற்கும். அது குருவானவரை உள்ளே விடாது. அவ்வளவுதான் கதை. நான் குஷனைக் கடித்துக்கொண்டு சிரிப்பேன். (என் மனைவி பவளம் அந்தக் குஷனுக்கு மூன்று தடவை உறை மாற்றினாள்.)

இந்நிலையில், டீவி பார்ப்போரின் அபிப்பிராயம் திரட்டும் நிறுவனமொன்றிலிருந்து ஓர் அம்மையார் வந்து, ஒரு சிறு புத்தகத்தைத் தந்து போனார். ஒரு கிழமைக்கு, கால் மணிக்குக் கால் மணி யார் என்ன பார்த்தார்கள் என்று குறிக்க வேண்டும். கடைசிப் பக்கத்தில் அபிப்பிராயம் எழுத நான்கு வரி.

மற்றவர்களுக்கு அது படிவம். எனக்கோ வினாத்தாள். என் பெயரிட்டு ஓர் அலுவலகத்துக்குப் போகும் காகிதம் நாளை யார் கண்ணிற் படுமோ! எனவே, ஞாயிறு இரவு நாடகம் முடிந்த கையோடு, "ஞாயிறு 7.30: டீவி அணைக்கப்பட்டிருந்தது. குடும்பத்தவர் தேவாரம் ஓதினர்" என்று முத்து முத்தாக எழுதினேன். அபிப்பிராயப் பகுதியில், "மேற்படி கிராமத்து நாடகம் கண்ணியமான குடும்பங்கள் பார்க்கத்தக்கதன்று" என்றேன்.

அங்கே பேனாவை மூடியிருந்தால் நான் தலைவர். ஆனால் காரணம் காட்டாத விடைக்கு நான் ஒருபோதும் புள்ளி கொடுத்தவனல்லன். ஆகவே காரணம் எழுதினேன். நான்கு வரி போதவில்லை. மேலதிகத் தாள் எடுத்தேன். குருவானவருக்கு நாற்பத்தெட்டுப் புள்ளி: "தொப்பியை நம்பி நடிக்கிறார்." தபாற்கந்தோர் அம்மாவுக்கு அறுபத்திரண்டு: "முயற்சி உண்டு." வாத்துக்குத் தொண்ணூற்றொன்று: "கழுத்தின் பயன்பாடு மிகச் சிறப்பு. குறைத்த ஒன்பதும், தலைக்கனம் வந்துவிடக் கூடாதென்பதற்காகவே."

மறுநாள் திங்கள் மாலை, தலைவர் பதவிக்கு என் சம்மதம் கேட்டு அண்ணரும் மனைவி மகேசு அக்காவும் வந்து செற்றியில் அமர்ந்திருந்தார்கள். நான் "தகுதியில்லாதவன்" என்று முதல் தடவை மறுத்து, இரண்டாம் தடவை மறுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த வேளை, மணி அடித்தது. அந்த அம்மையார்! புத்தகத்தைச் சரிபார்த்துத்தான் எடுத்துப் போவாராம். உள்ளே வந்து அமர்ந்து, நூலை அவிழ்த்து வாசித்தார். புருவம் ஏறியது.

"ஐயா, ஞாயிறு ஏழரைக்கு டீவி அணைந்திருந்ததா?"

"ஆம்," என்றேன், அண்ணருக்கும் கேட்கும்படியாக.

"ஆனால் வாத்து பூசணிக்காயைத் தின்றது நேற்றுக் கடைசி நிமிடத்தில்தானே? இங்கே அரைப் பக்கம் வர்ணித்திருக்கிறீர்களே?"

"ஊகித்தேன்," என்றேன். "நான் கணித ஆசிரியன். முற்பகுதி தெரிந்தால் பிற்பகுதியை..."

"முற்பகுதியையும் பார்க்கவில்லை என்றல்லவா எழுதியிருக்கிறீர்கள்?"

அம்மையாரின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்த என் ஒன்பது வயது மகள் சுகி வீறிட்டாள். "அப்பா! யூ கேவ் த கூஸ் நைன்டி-ஒன்? ஐ ஒன்லி காட் செவன்டி-டூ!" (வீட்டில் நான் வைத்த கணக்குச் சோதனையில்.)

"இஞ்சருங்கோ," என்றாள் பவளம், "இனி உள்ளதைச் சொல்லுங்கோவன். தேத்தண்ணி ஆறுது."

அண்ணர் கோப்பையைக் கீழே வைத்தார். அந்தச் சத்தத்தில் என் பதவி போவது எனக்குத் தெளிவாகக் கேட்டது. அப்போது மகேசு அக்கா என் பக்கம் சாய்ந்தார்.

"தம்பி, அந்த வாத்து இன்னும் இருக்குதோ?"

"மகேசு!" என்றார் அண்ணர்.

"என்ன மகேசு? அது குருவானவரைக் கேற்றடியில மறிச்சு நிக்கேக்கைதான் நீங்கள் வயரைக் கழட்டினனீங்கள். நாலு மாசம்! அந்த மனிசன் உள்ளுக்கை போச்சுதோ, இல்லையோ எண்டு தெரியாமல் நான் இஞ்ச சோறு காய்ச்சிறன். சொல்லுங்கோ தம்பி!"

சொன்னேன். இருந்துகொண்டு தொடங்கி, எழுந்து நின்று, ஈற்றில் கம்பளத்தில் குந்தி, கழுத்தை நீட்டிச் சீறினேன். அம்மையாருக்கு அது பொறுக்கவில்லை. "இல்லை, முதலில் இறக்கை, பிறகுதான் சீறல்," என்று தாமும் இறங்கி வந்து செய்து காட்டினார். ஒரு கல்லூரி ஆசிரியனும் ஓர் ஆய்வு உத்தியோகத்தரும் எதிரெதிரே வாத்தாக நிற்க, மகேசு அக்கா கண்ணீர் வழியச் சிரித்தார். அண்ணர் மட்டும் கல்லாக இருந்தார். எல்லாம் ஓய்ந்தபின் தொண்டையைச் செருமினார்.

"அதெல்லாம் சரி மாஸ்டர். கடைசியில பூசணிக்காய்ப் பரிசு ஆருக்கு?"

"வாத்துக்கு. காய் அதின்ரை வயித்துக்கையெல்லோ இருக்கு."

வண்டி புறப்படுவதுபோல முதலில் அண்ணரின் தோள் குலுங்கியது, பிறகு வயிறு, பிறகு செற்றி.

"ஆனால் தலைவர் கதை சரிவராது," என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. பதவி, எதைப் பற்றியும் அபிப்பிராயமே இல்லாத ஒரு பல்வைத்தியருக்குப் போயிற்று.

கராஜிலிருந்த டீவியை அண்ணர் திருப்பி எடுக்கவில்லை. "ஊரறிய வைச்ச சாமான். இனி எடுத்தால் எனக்கென்ன மரியாதை?" என்றார். ஆனால் அடுத்த ஞாயிறு ஏழு இருபதுக்கு அவருடைய கார் எங்கள் வாசலில் நின்றது, அதற்கடுத்த ஞாயிறும், அந்த நாடகம் முடிந்து வேறு நாடகங்கள் வந்த பின்னும். யாரேனும் கேட்டால், "மாஸ்டரைப் பார்க்கப் போனனான்" என்பார். அந்த அரை மணி நேரத்தில் அவர் ஒரு தடவையேனும் என் பக்கம் திரும்பியதில்லை.

அந்த வசனம் எங்கள் குடும்பத்தில் இன்றுவரை நிலைத்துவிட்டது. ஆல்பனியில் இருக்கும் மருமகன் பத்தியத்தில் இருந்துகொண்டு எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தால், "மாஸ்டரைப் பார்க்க வந்தனான் மாமி" என்பார். சுகி தனக்குத் தேவையற்ற நான்காவது சேலையை வாங்கிவிட்டு அதையே சொல்வாள். போன மாதம், வைத்தியர் விலக்கிய தொதல் இனிப்புடன் பவளத்திடம் நான் கையும் மெய்யுமாகப் பிடிபட்டேன். இந்த வீட்டில் எல்லாருக்கும் உதவும் அந்தச் சாட்டு எனக்கு மட்டும் உதவாது. மாஸ்டர் நானல்லவா.